கண்டென்சரில் பெயர் நின்றவர் – ஜஸ்டஸ் வான் லீபிக்



நம் கல்லூரியில் படித்த யாருக்கும் லீபிக் கண்டென்சரைத் தெரியாமல் இருக்காது. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், வெளியே ஒரு குழாய், நடுவிலே குழாய்த் தண்ணி ஓடும். உடைத்தால் ஆண்டுக் கடைசியில் பிரேக்கேஜ் கணக்கில் ஏறும். வேடிக்கை என்னவென்றால் அது லீபிக் கண்டுபிடித்தது இல்லை. 1771லேயே வைகல் என்ற ஜெர்மானியர் அந்த மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார். லீபிக் தன் லேபில் அதை ஓயாமல் உபயோகித்தார், தன் மாணவர்களையும் உபயோகிக்க வைத்தார். மாணவர்கள் உலகம் பூரா போனார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. அவர் நிஜமாகவே செய்த வேலைகளில் ஒன்று, பழக்கொட்டைப் பருப்புக்குள் ஒளிந்திருக்கும் விஷத்தை அளந்து காட்டியது. நம்மில் பலருக்கு அது தெரியாது. நான் வேலை பார்ப்பது உணவு பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்யும் இடம். அதனால் எனக்கு அந்த லீபிக்கிடம் ஒரு தனி மரியாதை. மலர்க் குழு ஒரு அறிஞரின் வாழ்க்கையை எழுதச் சொன்னபோது வேறு பேர் தோன்றவே இல்லை.

லீபிக் பிறந்தது 1803 மே 12, ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் ஊரில். அப்பாவுக்குப் பெயிண்ட், வார்னிஷ், மருந்துச் சரக்கு விற்கிற கடை. கடைக்குப் பின்னாலே ஒரு சின்னப் பட்டறை. பையன் அங்கேயே வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் மக்குப் பையன் என்று பேர். ஆசிரியர் ஒருநாள், என்னவாகப் போகிறாய் என்று கேட்க, கெமிஸ்ட் ஆவேன் என்று இவன் சொல்ல, வகுப்பே கொல்லென்று சிரித்ததாம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு உத்தியோகமே கிடையாது. மருந்துக்கடைக்காரர் உண்டு, சாயக்காரர் உண்டு, கெமிஸ்ட் என்று தனியாக யாருக்கும் சம்பளம் இல்லை.

சந்தையில் வெடி விற்கும் ஒருவன் வெள்ளியிலிருந்து ஃபல்மினேட் செய்வதைப் பார்த்து, அதை வீட்டிலே செய்து பழகினான் பையன். பிறகு ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். அங்கே மாடியில் வெடி வைத்துக் கூரையைப் பெயர்த்ததால் துரத்தப்பட்டான் என்று ஒரு கதை உண்டு. ஆராய்ந்து பார்த்தவர்கள், அப்பாவால் பயிற்சிக் கட்டணம் கட்ட முடியவில்லை, அதுதான் காரணம் என்கிறார்கள். எனக்கும் இதுதான் நம்பும்படி இருக்கிறது. 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, விளைச்சல் போச்சு, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். கடைக்காரர் கையில் காசு எங்கிருந்து இருக்கும்?

பான், எர்லாங்கன் பல்கலைக்கழகங்களில் கொஞ்ச காலம் படித்தார். மாணவர் சங்கம், கலாட்டா, போலீஸ் என்று ஆகி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஹெஸ்ஸே நாட்டு அரசர் உதவித்தொகை கொடுத்து 1822இல் பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே ஃபல்மினேட் பற்றி அவர் படித்த கட்டுரையைக் கேட்டு ஹம்போல்ட் கூப்பிட்டுப் பேசினார், கே-லூசாக்கிடம் சேர்த்துவிட்டார். வாயு விதியில் நாம் படிக்கும் அதே கே-லூசாக்தான். அவர் சயனோஜன் என்ற வாயுவை 1815இல் பிரித்தவர். சயனைடு குடும்பத்தோடு லீபிக்குக்கு உறவு ஏற்பட்டது இந்த குரு மூலமாகத்தான். 1824இல், 21 வயதில், கீசன் என்ற சின்ன ஊரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஹம்போல்ட் சிபாரிசு! அங்கிருந்த மற்ற பேராசிரியர்களுக்கு அது பிடித்திருக்க நியாயமில்லை.

லேப் என்று கொடுத்தது ஒரு பழைய காவல் கூடம். சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடம். அதிலே உட்கார்ந்துதான் அவர் உலகத்துக்கே கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றினார். அதுவரை பேராசிரியர் மேடையில் செய்து காட்டுவார், மாணவன் தூரத்திலிருந்து பார்ப்பான். இங்கே மாணவனே குடுவையைக் கையில் எடுக்க வேண்டும். முதலில் தெரிந்த பொருளைப் பகுப்பாய்வு செய், அப்புறம் தெரியாத பொருள், அப்புறம் சொந்தமாக ஒரு கேள்வி. நாம் செய்த சால்ட் அனாலிசிஸ் அந்த வழியில் வந்ததுதான். ஹோஃப்மன், ஃபிரெசீனியஸ், ஃபிராங்க்லண்ட் எல்லாரும் அந்தக் கூடத்தில் வந்து பயின்றவர்கள். கெக்குலே 1847இல் கட்டடக்கலை படிக்கத்தான் கீசனுக்கு வந்தார். லீபிக் வகுப்பைக் கேட்டு பிராஞ்ச் மாற்றிக்கொண்டார். நம் சிவில் நண்பர்கள் மன்னிக்கவும்.

1831இல் அவர் ஒரு சின்னக் கருவி செய்தார். முக்கோணமாக வளைத்த கண்ணாடிக் குழாயில் ஐந்து குமிழ்கள், உள்ளே பொட்டாஷ் கரைசல். ஒரு பொருளை எரித்து வரும் கரியமில வாயுவை அதன் வழியே விட்டால் பொட்டாஷ் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் எடை போட்டால் கார்பன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாரக்கணக்கில் மல்லாடிய வேலை ஒரு நாளில் முடிந்தது. அமெரிக்க கெமிக்கல் சொசைட்டி சின்னத்தில் அந்த ஐந்து குமிழ் இன்றும் இருக்கிறது.

இனி பாதாம் கதை.

வோலர் என்றால் யூரியா ஞாபகம் வரும், 1828. லீபிக்கும் வோலரும் முதலில் எதிரிகள். லீபிக் பகுத்த சில்வர் ஃபல்மினேட்டும் வோலர் பகுத்த சில்வர் சயனேட்டும் ஒரே கணக்குக் காட்டின. ஒன்று வெடிக்கிறது, இன்னொன்று சாதுவாக இருக்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும், அவர் கணக்கு தப்பு என்று லீபிக் குதித்தார். திரும்பச் செய்து பார்த்தால் இரண்டுமே சரி. ஒரே செங்கல், ஒரே எண்ணிக்கை, கட்டின விதம் வேறு. ஐசோமெரிசம் என்ற பேரை அதற்கு பின்னால் பெர்சீலியஸ் வைத்தார். சண்டை போட்டவர்கள் சாகும்வரை சிநேகிதர்களாகிவிட்டார்கள். லீபிக் வாழ்க்கையில் இது அபூர்வம். மனுஷர் மற்றபடி சண்டைக்காரர். பெர்சீலியஸோடும் சண்டை, டூமாவோடும் சண்டை. வோலரோடு மட்டும் கடைசிவரை இல்லை.

1832இல் வோலரின் மனைவி இறந்துபோனார். கைக்குழந்தையோடு மனம் உடைந்து கிடந்தவரை லீபிக் கீசனுக்கு வரச்சொன்னார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் வேலை கொடுத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. பாரிஸிலிருந்து கசப்பு பாதாம் எண்ணெய் வரவழைத்து இருவரும் உட்கார்ந்தார்கள்.

அந்த எண்ணெய் ரொம்ப நாளாகவே சந்தேகத்துக்குரிய சரக்கு. நல்ல வாசனை, ஆனால் ஆளைக் கொல்லும். பாதாமின் உறவான செர்ரி லாரல் இலையில் வடித்த நீரைப் பிராந்திக்கு மணம் சேர்க்க ஊற்றுவார்கள். 1731இல் டப்ளினில் அதைக் குடித்து இரண்டு பெண்கள் செத்துப்போனது பெரிய செய்தி. 1782இல் ஷீலே புருசிக் அமிலத்தை, அதாவது ஹைட்ரஜன் சயனைடைப் பிரித்தார். கசப்பு பாதாமில் இருப்பதும் அதுதான் என்று 1800களின் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாசனையும் விஷமும் ஒன்றா, இரண்டா என்பது குழப்பமாகவே இருந்தது.

லீபிக்கும் வோலரும் எண்ணெயைப் பொட்டாஷோடும் இரும்புக் குளோரைடோடும் குலுக்கி வடித்தார்கள். சயனைடு இரும்போடு ஒட்டிக்கொண்டு பின்தங்கியது. வாசனை தனியே வடிந்து வந்தது. அதுதான் பென்சால்டிஹைடு. வாசனை வேறு, விஷம் வேறு. அதைத் தொடர்ந்து பென்சாயிக் அமிலம், பென்சாயில் குளோரைடு, பென்சமைடு என்று வரிசையாகச் செய்து, எல்லாவற்றிலும் பென்சாயில் என்ற ஒரே கூட்டம் கலையாமல் போய்வருகிறது என்று காட்டினார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு விடியல் வந்துவிட்டது என்று பெர்சீலியஸே மகிழ்ந்து, விடியல் என்று பொருள்படும் பேரை அந்தக் கூட்டத்துக்கு வைக்கலாம் என்றார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1837இல் வந்த இரண்டாவது வேலை. துப்பறியும் கதை மாதிரி இருக்கும். கசப்பு பாதாமைச் செக்கில் ஆட்டினால் வரும் எண்ணெயில் வாசனையும் இல்லை, விஷமும் இல்லை. மிச்சமுள்ள பிண்ணாக்கில் தண்ணி விட்டுப் பிசைந்தால் குப்பென்று வாசனை, கூடவே விஷம். 1830இல் ரோபிகே, பூத்ரோன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பிண்ணாக்கைச் சூடான சாராயத்தில் கழுவி வெள்ளைப் படிகம் ஒன்றை எடுத்தார்கள். அமிக்டாலின் என்று பேர். படிகத்தில் தண்ணி விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. கழுவின பிண்ணாக்கில் தண்ணி விட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போ விஷம் எங்கே போச்சு? அத்தோடு அவர்கள் நின்றுவிட்டார்கள்.

வோலருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. பாதாமில் உள்ள புரதம் ஒன்று, சர்க்கரையை ஈஸ்ட் உடைக்கிற மாதிரி, இந்தப் படிகத்தை உடைக்கிறதோ என்று லீபிக்குக்குக் கடிதம் எழுதினார். சோதிக்க வழி சுலபம். சாதாரண இனிப்பு பாதாமை அரைத்துப் பால் எடுத்தார்கள், அதிலே விஷம் இல்லை. படிகத்தை அதில் போட்டார்கள். உடனே கசப்பு பாதாம் வாசனை. படிகம் மூன்றாக உடைந்தது: பென்சால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, சர்க்கரை. உடைத்த பொருளுக்கு எமல்சின் என்று பேர் வைத்தார்கள். துளி எமல்சின் நிறைய அமிக்டாலினை உடைத்தது. கொதிக்க வைத்தால் எமல்சின் செத்துவிட்டது. என்சைம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இவ்வளவையும் பார்த்துவிட்டார்கள்.

ஒரு பருப்புக்குள் இரண்டும் வேறு வேறு அறையில் இருக்கின்றன. பூச்சியோ அணிலோ கடித்தால் சுவர் உடையும், இரண்டும் கலக்கும், விஷம் பிறக்கும். செடி வைத்திருக்கும் டூ-காம்பொனென்ட் சிஸ்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆப்ரிகாட், பீச், பிளம், செர்ரி கொட்டைகளுக்குள்ளும் இதேதான்.

அதோடு விட்டார்களா? மருந்துக்கடைகளில் அன்று கசப்பு பாதாம் நீர் இருமலுக்கும் வலிக்கும் விற்றது. ஒரு கடைச் சரக்கு சப்பென்று இருக்கும், இன்னொரு கடைச் சரக்கு ஆளை முடித்துவிடும். இவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். 17 கிரெயின் அமிக்டாலினை நிறுத்து இனிப்பு பாதாம் பாலில் போடுங்கள், சரியாக 1 கிரெயின் புருசிக் அமிலம் வரும், ஊருக்கு ஊர் மாறாது. தம்பி தங்கைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமிக்டாலினின் மூலக்கூறு எடை 457, ஹைட்ரஜன் சயனைடு 27. வகுத்தால் 16.9. அணு எடைகள் சரியாகத் தெரியாத காலத்தில் தராசை வைத்தே 17 என்று அடித்தார்கள்.

இந்த 17 இன்றும் என் நோட்டில் இருக்கிறது. கசப்பு பாதாமில் 3 முதல் 5 சதவீதம் வரை அமிக்டாலின் உண்டு. 1 கிராம் பருப்பில் 50 மில்லிகிராம் என்றால், 17ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 3 மில்லிகிராம் சயனைடு. மனித உயிருக்கு ஆபத்தான அளவு கிலோ எடைக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்குக் கீழ் எல்லை 10 மில்லிகிராம். மூன்று நாலு பருப்பு போதும் என்று அர்த்தம். கடையில் வாங்கும் இனிப்பு பாதாமில் இந்தப் பயம் இல்லை. ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் பருப்பில் அமிக்டாலின் சேராமல் செய்துவிட்டது. அந்த மாற்றம் எது என்பதை 2019இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள்.

லீபிக் 1851இல் மறுபடி இந்த விஷயத்துக்கு வந்தார். இந்தத் தடவை நேரடியாக அளக்க. கசப்பு பாதாம் நீரையும் லாரல் நீரையும் காரமாக்கி, அதில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடு. முதலில் வெள்ளையாகத் திரளும், கலக்கினால் கரைந்துவிடும். ஒரு வெள்ளி அணு இரண்டு சயனைடைப் பிடித்துக்கொண்டு கரைசலிலேயே இருக்கும். சயனைடு பூரா பிடிபட்ட பிறகு விழும் அடுத்த சொட்டில் கலங்கல் நிலைத்து நிற்கும். நிறுத்து, பியூரெட்டைப் படி. டெசிநார்மல் கரைசல் 1 மில்லிக்கு 5.4 மில்லிகிராம் ஹைட்ரஜன் சயனைடு. இரண்டு சயனைடு என்பதால் இரட்டிப்பு, இதை மறக்கக்கூடாது. கலங்கல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய டெனிஷே என்பவர் பின்னால் அம்மோனியாவும் அயோடைடும் சேர்த்தார். தங்கச் சுரங்கம் முதல் மின்முலாம் பட்டறை வரை ஓடும் முறை இது, பிறந்தது ஒரு மருந்துக்கடைப் பிரச்சினைக்காக.

பருப்பில் அளக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. பருப்பை அரைத்து, தண்ணி சேர்த்து, மூடி, சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். எமல்சின் தன் வேலையை முடிக்கட்டும். அப்புறம்தான் நீராவியில் வடித்து, லீபிக் கண்டென்சர் வழியாகவே, காரக் கரைசலில் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே கொதிக்க வைத்தால் எமல்சின் செத்துவிடும், அமிக்டாலின் உடையாது, விஷமே இல்லை என்று ரிப்போர்ட் வரும். சாப்பிட்டவன் வயிற்றிலோ குடல் பாக்டீரியா நிதானமாக உடைத்துவிடும்.

விஷத்தை எடுப்பதிலும் இதே விஷயம்தான். வறுத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகும் என்பது நிஜம், ஆனால் முழுப் பருப்பில் சயனைடு தயாராக உட்கார்ந்திருக்கவில்லையே! அமிக்டாலினாக அல்லவா இருக்கிறது. அது அவ்வளவு லேசில் அசையாது. வழி இரண்டு. ஒன்று, ஈரமாக அரைத்து ஊறவிட்டு, உடைந்த பிறகு சூடாக்கி வாயுவை விரட்டுவது. காற்றோட்டம் சரியில்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது. இன்னொன்று, தோலுரித்து வெதுவெதுப்பான தண்ணியில் ஊறவைத்து, தண்ணியை மாற்றி மாற்றி, அமிக்டாலினைக் கரைத்து வெளியேற்றுவது. ஜெர்மனியில் பெர்சிபான் என்ற இனிப்பு இப்படிக் கசப்பு நீக்கிய ஆப்ரிகாட் பருப்பில் செய்கிறார்கள். கழுவின தண்ணி சயனைடுத் தண்ணி, சும்மா சாக்கடையில் விட முடியாது. பிளான்ட் டிசைனில் பாதிச் செலவு அங்கேதான் என்று அடித்துச் சொல்வேன்.

நம் ஊருக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மரவள்ளிக்கிழங்கில் இருக்கும் லினமாரின், அமிக்டாலினுக்குப் பங்காளி. தோலைச் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணியில் வேகவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிடச் சொன்ன நம் பாட்டிமார்கள் லீபிக்கைப் படித்தவர்கள் இல்லை. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளில் கிழங்கை அரைத்து மாவைத் திரும்பத் திரும்பக் கழுவுவதிலும் விஷம் தண்ணியோடு போய்விடுகிறது.

இரண்டு வருஷம் முன்பு எங்களிடம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். பாதாமுக்குப் பதில் விலை குறைந்த ஆப்ரிகாட் பருப்பை அரைத்து இனிப்பில் சேர்க்க மெஷின் வேண்டும் என்றார். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டோம். கசப்பு இருந்தால் சர்க்கரை கூட்டிக்கொள்ளலாம் சார் என்று போய்விட்டார். நாக்குக்குத்தான் சர்க்கரை, ரத்தத்துக்கு அல்ல. நம் நாட்டு உணவு விதியில் ஹைட்ரோசயனிக் அமிலத்துக்கு 5 பிபிஎம் என்று வரம்பு இருக்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் ஆப்ரிகாட் பருப்புக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். கசப்பு ஆப்ரிகாட்டில் சின்னப் பருப்பு மூன்றுக்கு மேல் ஒரு பெரியவர் ஒரே வேளையில் சாப்பிடுவது நல்லதல்ல, சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம் என்று அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் சொன்னது.

இதே அமிக்டாலினை வைட்டமின் பி 17 என்று பேர் சூட்டி புற்றுநோய்க்கு விற்ற கூட்டமும் உண்டு. அது வைட்டமினே கிடையாது. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் குறையவில்லை, சிலர் ரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம். இன்னும் வீட்டுக்கு வீடு செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது நோயாளி இருந்தால் தயவுசெய்து இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

லீபிக்கின் மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1840இல் விவசாய கெமிஸ்ட்ரி பற்றி எழுதிய புத்தகம் உரத் தொழிலுக்கே அஸ்திவாரம் போட்டது. 1845இல் பிரபு பட்டம். 1852இல் மியூனிக் போனார். அடுத்த வருஷமே அரச குடும்பத்துக்கு முன்னால் செய்து காட்டிய ஒரு பரிசோதனை வெடித்து அரசியாருக்கே கண்ணாடிச் சில்லு கீறியது. வெடி அவரை விட்டபாடில்லை. 1865இல் அவர் பேரில் இறைச்சிச் சாறு கம்பெனி ஒன்று தொடங்கி உருகுவேயில் பெரிய ஆலை நடத்தியது.

அவர் பிடிவாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். எமல்சினைத் தன் கையால் பார்த்த மனுஷர், ஈஸ்ட் என்பது உயிருள்ளது என்று மற்றவர்கள் சொன்னபோது ஒப்புக்கொள்ளவே இல்லை. 1839இல் வோலரோடு சேர்ந்து, பேர் போடாமல், ஈஸ்ட் ஒரு குட்டிப் பிராணி, சர்க்கரை தின்று சாராயம் கழிக்கிறது என்று கிண்டல் கட்டுரை வேறு எழுதினார். பிறகு பாஸ்டரோடு வருஷக்கணக்கில் வாதம். 1897இல் புக்னர் ஈஸ்டை நசுக்கி, உயிரில்லாத சாற்றிலேயே புளிப்பு நடக்கிறது என்று காட்டினார். ஈஸ்ட் உயிருள்ளது என்பதில் பாஸ்டர் பக்கம் சரி, வேலை செய்வது ஒரு ரசாயனப் பொருள் என்பதில் லீபிக் பக்கம் சரி. பார்க்க இருவரும் இல்லை. லீபிக் 1873 ஏப்ரல் 18 அன்று மியூனிக்கில் காலமாகி இருபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வோலர் அவருக்குப் பின் ஒன்பது வருஷம் இருந்தார். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை ஹோஃப்மன் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்.

நம் பேட்ச் ஆட்கள் நிறையப் பேர் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் பறக்கிறீர்கள். அங்கிருந்து வடக்கே கீசனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பழைய காவல் கூடம் 1920 முதல் மியூசியம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து குமிழ்க் கருவியையும், மாணவர்கள் நின்று வேலை பார்த்த மேஜைகளையும் பார்க்கலாம். போகிறவர்கள் போட்டோ எடுத்து அடுத்த மலருக்கு அனுப்பவும்.